நதிக்கரையில் தோண்டிய நிலவறைகள்: லூவர் சேமிப்பறைகளும் 2016 சென் நதி வெள்ளமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி: பக்கவாட்டில் இடமில்லை, மேலே அனுமதியில்லை

பாரிஸ் நகரின் நடுவில் சென் நதியின் இரு கரைகளும் சேர்ந்து ஒரே கலை வளாகமாக இருக்கின்றன. வலது கரையில் லூவர், அதை அடுத்து துய்லரி தோட்டம், தோட்டத்தின் மறுமுனையில் ஒராஞ்சரி அருங்காட்சியகம். எதிர்க்கரையில் ஓர்சே. 1900-இல் ரயில் நிலையமாகக் கட்டப்பட்ட ஓர்சே, 1986-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இந்தக் கரைகளை யுனெஸ்கோ 1991-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

லூவரின் தெற்குச் சிறகு நதிக்கு இணையாக நீள்கிறது. அரண்மனையாகக் கட்டப்பட்டு 1793-இல் அருங்காட்சியகமான கட்டடம் அது. அதன் மேல் இன்னொரு தளம் எழுப்ப முடியாது. பக்கவாட்டில் நீட்டவும் முடியாது. எனவே 1981-இல் அறிவிக்கப்பட்ட ‘பெரிய லூவர்’ திட்டம் கீழ்நோக்கிப் போனது. கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் நெப்போலியன் முற்றத்தைத் தோண்டினார். 1989-இல் திறந்த கண்ணாடிப் பிரமிடுக்கு அடியில் நுழைவுக்கூடம், மூன்று சிறகுகளையும் இணைக்கும் வழிகள், அரங்கம், கடைகள் எல்லாம் வந்தன. பார்வையாளர் கண்ணில் படாத வேலையிடங்களும் சேமிப்பறைகளும் நிலத்தடிக்குச் சென்றன.

கட்டட அமைப்பாகப் பார்த்தால் அது சரியான முடிவு. மூன்று சிறகுகளுக்கும் ஒரே வாசல், பொருள்களை வெயில் மழை படாமல் நகர்த்தும் வழி, பணியாளர்களுக்கு இடம் ஆகியவை அதுவரை லூவரில் இருந்ததே இல்லை. குறை ஒன்றே ஒன்று. தோண்டிய இடத்துக்கும் நதிக்கும் நடுவில் இருப்பது தெற்குச் சிறகும் ஒரு சாலையும் ஒரு கரைச்சுவரும்தான். நுழைவுக்கூடத்தில் தண்ணீர் புகுந்தால் மக்களை வெளியேற்றிவிடலாம். சேமிப்பறையில் புகுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வடிவமைப்பின் மையத்துக்கு வரவில்லை. திட்டம் அறிவிக்கப்பட்ட சில மாதங்களில், 1982 ஜனவரியில், சென் நதி 6 மீட்டரைத் தாண்டியது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அளவுக்கு உயரவில்லை.

தண்ணீர் எந்த வழியில் வரும்

பாரிஸில் நதி மட்டத்தை ஓஸ்டர்லிட்ஸ் பாலத்தின் அளவுகோலில் படிக்கிறார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் பெருவெள்ளம் 1910 ஜனவரியில் வந்தது, உச்சம் 8.62 மீட்டர். அப்போது லூவர் கரையில் தொழிலாளர்கள் கரைச்சுவரின் மேல் மூட்டைகளாலும் சிமென்டாலும் அவசரச் சுவர் எழுப்பி நதியைத் தடுத்தார்கள். ஆனால் நகரின் பெரும்பகுதியில் தண்ணீர் கரைமேல் ஏறி வரவில்லை. சாக்கடைகள், மெட்ரோ சுரங்கங்கள், நிலவறைகள் வழியாக உள்ளிருந்து பொங்கியது. ஓர்சே நிலையத்தில் தரைக்குக் கீழே ஓடிய தண்டவாளங்கள் முழுகி, நிலையமே ஒரு குளமானது.

நதிக்கரையில் நிலவறை கட்டுபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த வரிசைதான். நதி உயரும்போது முதலில் நிலத்தடி நீர் உயர்கிறது. அது தரைப்பலகையின் (நிலவறையின் கான்கிரீட் அடித்தளம்) மூட்டுகள், குழாய் புகும் துளைகள், லிஃப்ட் குழி ஆகியவற்றின் வழியாகக் கசிகிறது. லிஃப்ட் குழிதான் கட்டடத்திலேயே ஆழமான இடம் என்பதால் தண்ணீர் அங்கேதான் முதலில் தேங்கும். அடுத்தது வடிகால். நதி மட்டம் வடிகால் வாயைத் தாண்டினால் கழிவுநீர் பின்னோக்கி ஏறும். அதைத் தடுக்க ஒருவழி வால்வை மூடினால், கூரையிலிருந்து இறங்கும் மழைநீருக்குப் போக்கிடம் இல்லாமல் கட்டடத்துக்குள்ளேயே நிரம்பும். கரைச்சுவரைத் தாண்டி வரும் வெள்ளம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான். பம்புகள் கசிவைச் சமாளிக்கும், மின்சாரம் இருக்கும்வரை.

அழுத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தரைப்பலகைக்குக் கீழே ஒவ்வொரு மீட்டர் நீர் உயர்வுக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளுகிறது. எடை குறைந்த, முழுக்க அடைத்த நிலவறை படகு போல மிதக்கப் பார்க்கும். தரைப்பலகை பிளக்காமல் இருக்க, சில கட்டடங்களில் வேண்டுமென்றே நிலவறைக்குள் தண்ணீரை விடும் நிலையும் வரும். அப்படி ஒரு நிலை வரலாம் என்றால், அந்த அறைக்குள் என்ன வைக்கப்படுகிறது என்பது கட்டமைப்புப் பொறியாளரின் கவலையும்தான்.

2002 முதல் 2015 வரை: எச்சரிக்கையும் பாதித் தீர்வும்

1910 அளவு வெள்ளம் திரும்ப வந்தால் நதிக்கரை அருங்காட்சியகங்களின் நிலவறைகள் முழுகும் என்று 2002-இல் காவல்துறைத் தலைமையகம் எச்சரித்தது. அடுத்த சில மாதங்களில் லூவர், ஓர்சே, நுண்கலைப் பள்ளி உள்ளிட்ட இடங்களின் நிலவறைகளிலிருந்து ஏராளமான பொருள்கள் நகரின் வடக்கே ஒரு தற்காலிகக் கிடங்குக்குக் கொண்டு செல்லப்பட்டன. பாரிஸின் வெள்ள அபாயத் தடுப்புத் திட்டம் 2003 ஜூலையில் ஒப்புதல் பெற்றது.

நிரந்தர இடம் கிடைக்கவில்லை. பாரிஸுக்கு வடமேற்கே உள்ள செர்ஜி-போந்துவாஸில் பல அருங்காட்சியகங்களுக்குப் பொதுவான ஒரு மையம் கட்டும் திட்டம் 2009-இல் அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. 2013-இல் வடக்கே, லான்ஸ் நகரை அடுத்த லியேவன் தேர்வானது. லூவரின் கிளையான லூவர்-லான்ஸ் 2012-இலேயே லான்ஸில் திறந்திருந்தது.

இந்த இடைவெளியில்தான் 2012-இல் லூவர் தன் இஸ்லாமியக் கலைப் பிரிவைத் திறந்தது. விஸ்கோந்தி முற்றத்தில் மாரியோ பெல்லினியும் ரூடி ரிச்சியோத்தியும் அமைத்த பொன்னிற அலைக்கூரையின் கீழ் இரண்டு தளங்கள். அவற்றில் ஒன்று தரைமட்டத்துக்குக் கீழே. நதிக்கு மிக அருகில் இருக்கும் முற்றம் அது. எச்சரிக்கை வந்து பத்தாண்டு ஆன பின்னும் கட்டடம் கீழ்நோக்கியே வளர்ந்தது. அழகான கூடம்தான். ஆனால் வெள்ளக் காலத்தில் காலி செய்ய வேண்டிய அறைகளின் பட்டியல் இன்னும் நீண்டது.

எனவே அருங்காட்சியகம் நடைமுறைத் திட்டம் ஒன்றை நம்பியிருந்தது. வெள்ள அறிவிப்பு வந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் அபாயப் பகுதிகளைக் காலி செய்வது அதன் இலக்கு. அந்தப் பகுதிகளின் சேமிப்பறைகளில் இருந்தவை ஏறத்தாழ 1,50,000 பொருள்கள். நேர்க்கணக்காகவே பார்த்தாலும் இரவுபகல் பாராமல் மணிக்கு 2,000-க்கு மேல் நகர்த்த வேண்டும்.

2016 மே இறுதியில் கவனிக்கப்பட்டவை

சென் நதியின் பெருவெள்ளங்கள் வழக்கமாகக் குளிர்காலத்தில் வருபவை. மெதுவாக, பல நாள் எடுத்து ஏறுபவை. 2016-இல் வந்தது மே கடைசியில். பலத்த மழையில் துணைநதிகள் பெருகின. லுவான் நதியின் மட்டம் நெமூர் நகரில் 1910-ஐயும் மிஞ்சியது.

பருவம் மாறியதால் இன்னொரு கணக்கும் மாறியது. நதியின் மேல்பகுதியில் நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மொத்தக் கொள்ளளவு சுமார் 80 கோடி கனமீட்டர். குளிர்காலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்வதும், கோடையில் நதி வற்றாமல் நீர் விடுவதும் இவற்றின் இரட்டை வேலை. கோடைக்காக நீரைச் சேமித்து வைத்திருக்கும் காலம் மே இறுதி. ஏறக்குறைய நிரம்பிய நிலையில் புது வெள்ளத்துக்கு அவற்றில் அதிக இடமில்லை. மேலும் லுவான் போன்ற நதியின் நீர் இந்தத் தேக்கங்களைத் தொடாமலே பாரிஸுக்கு வருகிறது. மேலே அணை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பும் நதிக்கரைக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அணையின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதாது. எந்த மாதத்தில் அதில் எவ்வளவு இடம் காலியாக இருக்கும் என்று கேட்க வேண்டும்.

ஜூன் 2-ஆம் தேதி நதியோரமாக ஓடும் ரயில் பாதையின் மத்திய பாரிஸ் பகுதி மூடப்பட்டது. நதி மட்டக் கணிப்பு அடுத்த 24 மணி நேரத்துக்குத்தான் ஓரளவு துல்லியம். அதற்கு அப்பால் ஏறுமா இறங்குமா என்ற போக்கு மட்டுமே தெரியும். வெளியேற்றத் திட்டமோ 72 மணி நேரம் கேட்கிறது. இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உறுதியான கணிப்புக்குக் காத்திருந்தால் வேலைக்கு நேரமில்லை. முன்கூட்டியே தொடங்கினால் வெள்ளம் வராமலே போகலாம். அது போதாதென்று, வெள்ளத்தின் நடுவிலேயே ஓஸ்டர்லிட்ஸ் அளவுமானி மட்டத்தைக் குறைத்துக் காட்டியது தெரியவந்து, அறிவித்த அளவு மேல்நோக்கித் திருத்தப்பட்டது.

ஜூன் 2 முதல் 4 வரை: முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பொதுமக்களுக்கு மூடுவது. ஓர்சே ஜூன் 2 மாலையே மூடியது. லூவர் ஜூன் 3, வெள்ளிக்கிழமை மூடியது. மூடியதற்குக் காரணம் பார்வையாளருக்கு ஆபத்து என்பதல்ல. காட்சிக்கூடங்களில் தண்ணீர் இல்லை. சரக்கு லிஃப்ட், தாழ்வாரங்கள், காவல் பணியாளர்கள், மேலே வரும் பெட்டிகளை இறக்கி வைக்க மேல்தளக் கூடங்களின் தரை, எல்லாமே வெளியேற்றத்துக்குத் தேவைப்பட்டன. கூட்டத்தையும் பெட்டிகளையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது முடிவு, பொருள்களை வெளியே ஏற்றாமல் கட்டடத்துக்குள்ளேயே மேலே கொண்டு போவது. வெள்ளக் காலத்தில் கரையோரச் சாலைகள் முதலில் அடைபடும். லாரிக்கு ஏற்றி அனுப்பப் பெட்டி கட்டவே நாள்கள் ஆகும். செங்குத்தாக நகர்த்துவது ஒன்றே அந்த நேரத்துக்குள் முடியும் வழி. சிற்பங்களின் நடுவே மரப்பெட்டிகளும் பிளாஸ்டிக் கூடைகளும் அடுக்கியிருந்த லூவர் கூடங்களின் படங்கள் அந்த நாள்களில் செய்திகளில் வந்தன.

மூன்றாவது முடிவு, வரிசை. இந்த வேலையில் இரண்டு வழிகள் மோதும். மதிப்புப் பட்டியலின்படி முதலிடப் பொருளைத் தேடி எடுப்பது ஒன்று. அறை அறையாக, அடுக்கு அடுக்காகக் காலி செய்வது மற்றொன்று. முதல் வழியில் ஆட்கள் தேடுவதிலேயே நேரம் போகும். இரண்டாவதில் ஓட்டம் வேகமாக இருக்கும்; ஆனால் அரிய பொருள் கடைசி அறையில் மாட்டிக்கொள்ளலாம். நடைமுறையில் பலன் தருவது கலவை. அறைகளை முன்பே வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். மிக ஆழமான அறை முதலில். ஒரே ஆழத்தில் இருப்பவற்றில் தண்ணீர் பட்டால் மீளாதவை முதலில். வண்ணம் பூசிய மரம், துணி, பப்பைரஸ், சுடாத களிமண், அரித்த இரும்பு ஆகியவை முன்னே. கல்லும் சுட்ட மண்ணும் பின்னே. அறைக்குள் போனபின் தரையை ஒட்டிய தட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

லிஃப்டுக்கும் ஒரு வரிசை உண்டு. குழியில் தண்ணீர் ஏறினால் முதலில் நின்றுவிடுவது அதுதான். ஆகவே கனமானவை, தள்ளுவண்டியில் மட்டுமே நகர்பவை எல்லாம் தொடக்க மணி நேரங்களில் மேலே போய்விட வேண்டும். கையால் தூக்கக்கூடிய பெட்டிகளைக் கடைசியில் படிக்கட்டு வழியாகவும் கொண்டு போகலாம். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். எளிதானவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, கனமானவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். பிறகு என்பதில் லிஃப்ட் ஓடுவதில்லை.

உச்சம் ஜூன் 4 அதிகாலையில் வந்தது: 6.10 மீட்டர். 1982-க்குப் பின் அதுவே அதிகம். அதற்குள் லூவரில் சுமார் 35,000 பொருள்கள் மேலே போயிருந்தன. தண்ணீர் சேமிப்பறைகளுக்குள் வரவில்லை. கலைப்பொருள் எதுவும் சேதமடையவில்லை. ஜூன் 8, புதன்கிழமை, லூவர் மீண்டும் திறந்தது.

விளைவை எப்படிப் படிப்பது

வெளியேற்றம் வெற்றி என்றே செய்திகள் சொன்னன. பணியாளர்கள் செய்த வேலைக்கு அந்தச் சொல் தகும். கட்டட அமைப்புக்கு அது தகாது. பல நாள் முழு மூச்சாகச் செய்த வேலையில் நகர்ந்தது அபாயப் பகுதியின் சேமிப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. வந்த வெள்ளமோ 1910-ஐவிட இரண்டரை மீட்டர் தாழ்ந்தது. 72 மணி நேரத் திட்டம் தன் முழு அளவில் சோதிக்கப்படவில்லை. சோதிக்கப்பட்ட அளவே, முழுமையும் முடியாது என்று காட்டியது.

திரும்பக் கீழே வைப்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மேலே கொண்டு போவதைவிட அது நீண்ட வேலை. ஒவ்வொரு பெட்டியும் எந்தத் தட்டிலிருந்து வந்தது, மேலே எங்கே வைக்கப்பட்டது என்று எழுதி வைத்திருந்தால்தான் திரும்பும். அவசரத்தில் எழுதாமல் விட்ட ஒரு பெட்டி, இருந்தும் இல்லாத பெட்டியாகிவிடும். சேமிப்பறையின் நிலையான ஈரப்பதத்திலிருந்து கூடத்தின் காற்றுக்கு வந்த மரப்பொருள்களையும் தந்தப் பொருள்களையும் வாரக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

அடுத்த இரண்டு நிகழ்வுகள் இந்தக் கணக்கைக் கூர்மையாக்கின. 2017 ஜூலை 8, 9 தேதிகளில் பெய்த கடும் மழையில் லூவருக்குள் மேலிருந்து தண்ணீர் கசிந்து, நிக்கோலா பூசானின் ‘நான்கு பருவங்கள்’ வரிசையில் இரண்டு ஓவியங்கள் உள்ளிட்டவை பாதிக்கப்பட்டன. நதிக்குப் பயந்து எல்லாவற்றையும் மேல்தளத்தில் ஏற்றிவிட்டால் முடிந்தது என்று நினைக்க முடியாது. மேலே இருப்பது பழைய கூரை. பிறகு 2018 ஜனவரியில் நதி 5.8 மீட்டரைத் தாண்டியது. அந்தமுறை லூவர் முழுதாக மூடப்படவில்லை. இஸ்லாமியக் கலைப் பிரிவின் கீழ்த்தளம் முன்னெச்சரிக்கையாக மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பதற்றம் இரண்டாம் முறை.

லியேவன்: பிரித்து வைக்கும் முடிவு

லியேவன் மையத்தின் கட்டுமானம் 2017 இறுதியில் தொடங்கி, 2019 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. வடிவமைத்தது ரோஜர்ஸ் ஸ்டர்க் ஹார்பர் நிறுவனம். மொத்தப் பரப்பு சுமார் 18,500 சதுர மீட்டர். அதில் சேமிப்புக்கு 9,600. செலவு 6 கோடி யூரோ. லூவர் தன் பெயரை அபுதாபியின் அருங்காட்சியகத்துக்கு வழங்கிப் பெற்ற பணமும் ஐரோப்பிய ஒன்றிய நிதியும் இதில் சேர்ந்தன. சுமார் 60 இடங்களில் சிதறிக் கிடந்த 2,50,000 பொருள்களை ஒரே இடத்தில் சேர்ப்பது நோக்கம். 2021 தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 1,00,000 போய்ச் சேர்ந்துவிட்டன. தாளில் வரைந்த ஓவியங்கள் பாரிஸிலேயே இருக்கின்றன.

எதிர்ப்பும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. காப்பாளர்கள் பலர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். சேமிப்பறையும் காட்சிக்கூடமும் 200 கிலோமீட்டர் பிரிந்தால் ஆய்வு பிரியும், ஒவ்வொரு பயணமும் பொருளுக்கு ஓர் ஆபத்து, பாரிஸுக்கு அருகிலேயே மேட்டில் இடம் தேடலாம் என்பவை அவர்கள் வாதங்கள். முதல் வாதத்துக்கு முழுப் பதில் இன்றும் இல்லை. அங்கே ஆய்வறைகளும் பழுதுபார்க்கும் கூடங்களும் இருக்கின்றன; ஆனாலும் கூடத்தில் நிற்கும் சிலையையும் அதே அகழ்விடத்தின் உடைந்த துண்டையும் ஒரே மதியத்தில் பார்த்துவிட முடியாது.

கட்டடமாக லியேவன் கவனிக்கத்தக்கது. பாதி மண்ணுக்குள் பதிந்த ஒரே தளம்; மேலே புல்வெளிக் கூரை. மண்ணும் கனமான சுவர்களும் வெப்பத்தைச் சமமாக வைக்க உதவுகின்றன. ஒரே தளம் என்பதால் லிஃப்டை நம்ப வேண்டியதில்லை. பொருள் தள்ளுவண்டியில் நேராக வெளியே போகும். புல்வெளிக் கூரை என்றால் தலைக்கு மேல் ஈர மண். ஆகவே இரட்டை நீர்த்தடுப்பு அடுக்கும் கசிவு கண்டறியும் அமைப்பும் வைத்தார்கள். உள்ளே அறைகள் துறைவாரியாகப் பிரியாமல் பொருள்களின் வகையையும் அளவையும் கொண்டு பிரிகின்றன. துறைகளுக்கு இது பழக்கமில்லாதது. ஆனால் ஈரப்பதம், தட்டின் வலிமை, கதவின் அகலம் எல்லாம் பொருளின் இயல்பைப் பொறுத்தவை. அது எந்தத் துறைக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தவை அல்ல.

என்ன மாற்ற வேண்டும்

வெள்ளக் கோட்டுக்குக் கீழே எதையும் கட்டக் கூடாது என்று இந்த நிகழ்வு சொல்லவில்லை. நதிக்கரை நகரங்களில் அது நடக்கவும் நடக்காது. கீழே வைப்பதற்கு ஒரு வரம்பு வேண்டும்: நம்பத்தக்க கணிப்பு தரும் நேரத்துக்குள், பாதி ஆட்களோடும் லிஃப்ட் இல்லாமலும் காலி செய்யக்கூடிய அளவு. பாரிஸில் அந்த நேரம் 24 மணி. அதற்கு மேல் வைப்பவை, யாரும் கணக்கெடுக்காத கடன்.

வரைபட நிலையிலேயே கேட்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மேலே வரும் பெட்டிகளுக்கான இறங்கு தளம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா, அந்தத் தரை எவ்வளவு பாரம் தாங்கும்? பழைய கமான் தரையில் கற்சிற்பங்களை ஒரே மூலையில் அடுக்கினால் நதிக்குத் தப்பியது தரையோடு போகும். மின்பலகையும் பம்பின் மாற்று மின்னாக்கியும் எந்த மட்டத்தில் இருக்கின்றன? சிறு பொருள்கள் அன்றாடமே இருவர் தூக்கக்கூடிய பெட்டிகளில், வெட்டிய நுரைப்படுகையில் இருக்கின்றனவா? வெளியேற்றத்தில் அதிக நேரத்தைத் தின்பது நடை அல்ல, பொதிதல். 2016-இல் மூன்று நாளில் செய்ததை ஒரே நாளில் செய்ய முடியுமா என்பது பெரும்பாலும் இந்தப் பெட்டிகளைப் பொறுத்தது.

இந்தக் கேள்விகள் உடனடியானவை. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட லூவரின் புதிய திட்டத்தில் கிழக்கு முகப்பில் ஒரு நுழைவாயிலும், சதுர முற்றத்தின் கீழே மோனா லிசாவுக்கான அறை உள்ளிட்ட புதிய காட்சிக்கூடங்களும் இடம்பெறுகின்றன. மீண்டும் நிலத்தடிதான். சில நூறு ஓவியங்கள் மட்டும் தொங்கும் கூடத்தை ஒரே இரவில் காலி செய்யலாம்; அந்த வகையில் இது 1980-களின் தவறைத் திரும்பச் செய்வதாகாது. ஆனால் அந்தக் கூடங்களுக்குப் பின்னால் தற்காலிகச் சேமிப்பு என்ற பெயரில் அறைகள் முளைக்கத் தொடங்கினால், ஐந்து ஆண்டில் அவை நிரந்தரமாகிவிடும். இதைத் தடுக்க வேண்டிய இடம் வரைபடம். அந்தத் தளத்தில் சேமிப்பு என்ற சொல்லே வரக் கூடாது. ஒவ்வொரு அறைக்கும் அதைக் காலி செய்ய ஆகும் மணி நேரத்தை அதன் பரப்பளவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.